சிறுநீர்ப்பையின் அரிய மென்திசுக் கட்டிகளைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

சிறுநீர்ப்பையில் வளரும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை அதன் உட்சவ்விலிருந்து தோன்றும் யூரோதீலியல் புற்றுநோய்களே. சவ்வுக்கு அடியில் இருக்கும் தசை, நார்த்திசு, இரத்தக் குழாய், நரம்பு ஆகியவற்றிலிருந்து பிறக்கும் மென்திசுக் கட்டிகள் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அவற்றுள்ளும் சார்கோமா எனப்படும் வீரியமான வகைகள் மிகச் சிறிய பங்குதான். அரிதாக இருப்பதாலேயே இவற்றில் தவறு நேர்கிறது. சிறுநீரில் இரத்தம், ஸ்கேனில் ஒரு கட்டி, உடனே சுரண்டி எடுத்துப் பரிசோதனை என்ற பழகிய பாதையில் எல்லோரும் நடந்துவிடுகிறோம். அந்தப் பாதை பெரும்பாலானோருக்குச் சரியானது, சிலருக்கு மட்டும் ஆபத்தானது.

சிறுநீரகவியல், கதிரியக்கவியல், நோயியல் ஆகிய துறைகளில் பயிற்சி பெறுவோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தன் பயாப்சி அறிக்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் நோயாளியும் இதைப் பின்தொடரலாம். படிகள் பல இருந்தாலும் இரண்டு கேள்விகளின் இடத்தை மட்டும் மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டியைத் தொடுவதற்கு முன், இது ஹார்மோன் சுரக்கும் கட்டியாக இருக்குமா என்று கேட்க வேண்டும். ஸ்லைடைப் பார்த்துச் சார்கோமா என்று எழுதுவதற்கு முன், இது உருமாறிய யூரோதீலியல் புற்றுநோயாக இருக்குமா என்று கேட்க வேண்டும்.

முதல் படி: நோயாளியிடம் கேட்டறிதல்

வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது எந்தக் கட்டியிலும் வரும்; அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. ஆனால் சிறுநீர் கழிக்கும் நேரத்திலோ கழித்து முடித்த சில நிமிடங்களிலோ தலைவலி, படபடப்பு, வியர்வை, கண் இருட்டுதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வருகிறதா என்று கேட்டால், சிறுநீர்ப்பைப் பாரகாங்கிலியோமாவை அந்த ஒரு கேள்வியிலேயே சந்தேகித்துவிடலாம். சிறுநீர்ப்பைத் தசைக்குள் சிதறியிருக்கும், ஹார்மோன் சுரக்கும் குரோமாஃபின் செல்களிலிருந்து வளரும் இக்கட்டி, பை சுருங்கும்போது பிழியப்பட்டு நார்அட்ரினலின் போன்ற பொருள்களை இரத்தத்தில் கொட்டுகிறது. நோயாளி இதைத் தானாகச் சொல்வது அரிது. கழிப்பறையில் தலை சுற்றுவதைச் சிறுநீர்ப்பையோடு இணைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றுவதில்லை. இரத்த அழுத்தத்துக்காக வேறொரு மருத்துவரிடம் பல ஆண்டுகளாக மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். ஆகவே நாம்தான் நேரடியாக, எளிய சொற்களில் கேட்க வேண்டும்.

வயதும் முந்தைய சிகிச்சையும் அடுத்து வருகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறுநீர் அடைப்பும் பைக்குள் கொத்துக் கொத்தான கட்டியும் இருந்தால் எம்ப்ரியோனல் ரேப்டோமயோசார்கோமா என்னும் எலும்புத்தசை வகைச் சார்கோமாவையே முதலில் நினைக்க வேண்டும். இடுப்புப் பகுதியில் முன்பு கதிர்வீச்சு பெற்றவருக்கு இரத்தக் குழாய்ச் செல்களிலிருந்து தோன்றும் ஆஞ்சியோசார்கோமா உள்ளிட்ட சார்கோமாக்கள் வரலாம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்னும் புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்கும், குழந்தைப் பருவத்தில் மரபுவழி ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களுக்கும் மென்தசைச் சார்கோமாவான லியோமயோசார்கோமா ஏற்படுவது பதிவாகியுள்ளது. அண்மையில், குறிப்பாக மூன்று மாதங்களுக்குள், சிறுநீர்ப்பையில் அறுவையோ கருவி நுழைப்போ நடந்திருந்தால் அறுவைக்குப் பிந்தைய கதிர்செல் முடிச்சு என்னும், நூற்புக் கதிர் போல் நீண்டு முனை கூர்ந்த செல்களாலான தீங்கற்ற வளர்ச்சி அதே இடத்தில் தோன்றலாம். நுண்ணோக்கியில் சார்கோமாவைப் போலவே தெரியும் அது சார்கோமா அல்ல என்று காட்டித் தருவது இந்த ஒற்றை வரலாற்றுக் குறிப்பே. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் மரபுநோயைக் காட்டும் காப்பி நிறத் திட்டுகள் தோலில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், மாதவிடாயோடு சேர்ந்து அறிகுறி கூடுகிறதா என்று பெண்களிடம் கேட்பதும் அதிக நேரம் பிடிக்காத வேலைகள். பின்னது கட்டியல்லாத, கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வேறிடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸை நோக்கிக் கைகாட்டும்.

இரண்டாம் படி: கட்டியைத் தொடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை

மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், இளம் வயதில் காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தம் இருந்தாலும், உட்சவ்வு சீராக இருக்கத் தசைக்குள் இரத்த ஓட்டம் மிகுந்த கட்டி ஸ்கேனில் தெரிந்தாலும், சிஸ்டோஸ்கோப்பியை, அதாவது குழல் கருவியால் பைக்குள் பார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, நார்அட்ரினலின் போன்றவை சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின்களைப் பிளாஸ்மாவிலோ 24 மணி நேரச் சிறுநீரில் தனித்தனியாகப் பிரித்தளந்தோ பார்க்க வேண்டும். இரத்தம் எடுக்கும் முறைக்கு இங்கே முடிவையே மாற்றும் வல்லமை உண்டு. நோயாளி அமைதியான இடத்தில் குறைந்தது 20 முதல் 30 நிமிடங்கள் படுத்திருந்து, படுத்த நிலையிலேயே இரத்தம் எடுக்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு இயல்பாகவே உயர்ந்துவிடும்; டிரைசைக்ளிக் மனச்சோர்வு மருந்துகளும் ஃபீனாக்சிபென்சமைனும் பொய்யான உயர்வைக் காட்டும்.

அளவு உயர்ந்திருந்தால், இரத்தக் குழாய்களின் சுருக்கத்தைத் தளர்த்தும் ஆல்ஃபா தடுப்பு மருந்தை முதலில் தொடங்கி, வழக்கமாக 7 முதல் 14 நாள்கள் கொடுத்து, நீரும் உப்பும் போதுமான அளவு சேர்த்த பிறகே அறுவையைத் திட்டமிட வேண்டும். பீட்டா தடுப்பு மருந்தை ஆல்ஃபாவுக்கு முன் தொடங்குவது, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் விளைவைத் தடையின்றி விட்டுவிட்டு அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். எல்லாப் பாரகாங்கிலியோமாவும் சுரப்பதில்லை என்பதால் இயல்பான முடிவு அதை முழுவதும் விலக்கிவிடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அழுத்தம் திடீரென ஏறினால் உடனே கையாளும் ஏற்பாட்டோடு உள்ளே போக வேண்டும்.

மூன்றாம் படி: படப் பரிசோதனை

அல்ட்ராசவுண்டு கட்டி இருப்பதைச் சொல்லும். அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைச் சொல்வது எம்.ஆர்.ஐ. உட்சவ்வு, அதன் அடியிலுள்ள இணைப்புத் திசு, பையின் சுவரைச் சுருக்கும் டெட்ரூசர் தசை, வெளிக்கொழுப்பு என்ற வரிசையில் கட்டியின் மையம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சீரான சவ்வு போர்த்தியிருக்க, தசையிலிருந்து உள்நோக்கியோ வெளிநோக்கியோ பிதுங்கும் கட்டி மென்திசுக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெளிநோக்கி வளர்ந்தவற்றில், பக்கத்து உறுப்பின் கட்டி சிறுநீர்ப்பையை அழுத்துகிறதா என்ற ஐயம் எப்போதும் இருக்கட்டும். கர்ப்பப்பையின் ஃபைப்ராய்டு, புராஸ்டேட்டின் ஸ்ட்ரோமல் கட்டி, குடலிலிருந்து இறங்கும் ஜிஸ்ட் எனப்படும் கட்டி ஆகிய மூன்றும் இவ்வாறு ஏமாற்றக் கூடியவை.

எம்.ஆர்.ஐ.யின் டி2 என்னும் பட வகையில் தெரியும் நிறம் சில வகைகளில் நல்ல தடயம் தரும். தீங்கற்றவற்றில் மிகப் பரவலான மென்தசைக் கட்டி லியோமயோமா, பெண்களிடம் அதிகம் காணப்படுவது, தசையைப் போலவே கருமையாகவும் விளிம்பு தெளிவாகவும் இருக்கும். இரத்தக் குழாய்களாலான ஹீமாஞ்சியோமா மிகப் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். பாரகாங்கிலியோமா மிதமான வெண்மையுடன், படத்தைத் தெளிவாக்கும் மருந்தைச் செலுத்தியவுடன் விரைந்து ஒளிரும். நரம்புறைக் கட்டியான நியூரோஃபைப்ரோமாவில் நடு கருமையாகவும் சுற்று வெண்மையாகவும் இலக்குப் பலகை போன்ற தோற்றம் வரலாம். பெரிதாக வளர்ந்து, உள்ளே அழுகல் பகுதிகளோடு, வெளிக்கொழுப்பில் ஊடுருவும் கட்டி லியோமயோசார்கோமாவை நினைவூட்ட வேண்டும். எனினும் சிதைவடைந்த லியோமயோமாவும் கலவையான தோற்றம் தரும்; படத்தை மட்டும் வைத்துத் தீங்கற்றது என்று அறிவித்துத் திசுப் பரிசோதனையைத் தவிர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

2018இல் வெளியான வை-ராட்ஸ் என்னும் மதிப்பெண் முறை யூரோதீலியல் புற்றுநோய் தசைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று கணிக்க உருவாக்கப்பட்டது. தசையிலேயே பிறந்த கட்டிக்கு அதைப் பொருத்தினால் உயர்ந்த மதிப்பெண் வரும், ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது. பாரகாங்கிலியோமா உறுதியானால், உடலில் வேறிடங்களில் உள்ளதா என்று காண காலியம்-68 டோட்டாடேட் என்னும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் பெரிதும் உதவுகிறது. சார்கோமா என்றால் மார்புச் சி.டி. கட்டாயம், ஏனெனில் அது முதலில் நுரையீரலைத் தேடிச் செல்லும் இயல்புடையது.

நான்காம் படி: சிஸ்டோஸ்கோப்பி

பூவிதழ் போன்ற காம்புள்ள வளர்ச்சி யூரோதீலியல் கட்டியின் அடையாளம். மென்திசுக் கட்டியில் பெரும்பாலும் வழவழப்பான, இயல்பான நிறமுள்ள சவ்வு மேடாகத் தெரியும். அந்த மேடு நீலச் சாயலோடு, அகன்ற அடியுடன் இருந்தால் ஹீமாஞ்சியோமா என்று நினைத்துக் கையை நிறுத்துங்கள்; பயாப்சி எடுத்தால் கட்டுப்படுத்த முடியாத இரத்தப்போக்கு ஏற்படலாம், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. பார்ப்பதே முறை. குழந்தைகளில் திராட்சைக் கொத்துப் போல் பளபளப்பாகத் தொங்குவது போட்ரியாய்டு வகை ரேப்டோமயோசார்கோமா. சிறுநீர் செல் பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது, சவ்வு மூடியிருக்கும்போது செல்கள் சிறுநீரில் உதிர வழியில்லை.

ஐந்தாம் படி: திசுவை எடுத்தலும் அனுப்புதலும்

மேலோட்டமான கிள்ளல் பயாப்சி இங்கே சவ்வை மட்டுமே தரும். அறிக்கை அழற்சி என்று வரும், எல்லோரும் நிம்மதியடைந்துவிடுவார்கள், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். சிறுநீர்த்தாரை வழியாக உள்நுழைந்து, கட்டியின் ஆழத்தையும் அதன் அடியிலுள்ள டெட்ரூசர் தசையையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். தசை தனியாக ஒரு குப்பியில் போகட்டும். மின்சூடு கதிர்வடிவ செல்களைக் கருக்கி, தீங்கற்ற செல்லையும் கொடியதாகத் தோன்ற வைக்கும் என்பதால், சில துண்டுகளையாவது சூடு படாமல் கிள்ளி எடுப்பது நல்லது. வயிற்றின் வழியாக ஊசி செலுத்திப் பயாப்சி எடுப்பதை, கட்டி முழுவதும் வெளிநோக்கி வளர்ந்திருந்தால் ஒழிய, தவிர்க்க வேண்டும்; ஊசித் தடத்தில் செல்கள் பரவும் வாய்ப்பு உண்டு.

திசுவை உடனே 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் இடுங்கள். தாமதித்தால் மரபணுப் பரிசோதனைக்கான ஆர்.என்.ஏ. சிதையும்.

திசுவோடு போகும் கோரிக்கைத் தாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'சிறுநீர்ப்பைக் கட்டி, பரிசோதிக்கவும்' என்ற ஒற்றை வரியோடு வரும் குப்பி நோயியல் நிபுணரின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். வயது, அறிகுறி, இரத்த அழுத்தம், மெட்டாநெஃப்ரின் முடிவு, முந்தைய அறுவையின் தேதி, கதிர்வீச்சு, சிறுநீர்ப்பைக்குள் செலுத்திய பி.சி.ஜி. சிகிச்சை, கட்டி எந்த அடுக்கில் இருந்தது என்ற ஸ்கேன் குறிப்பு ஆகியவற்றை எழுத இரண்டு நிமிடம் போதும். கதிர்செல் முடிச்சுக்கும் சார்கோமாவுக்கும் இடையே, ஆகவே ஒருவரின் சிறுநீர்ப்பை இருப்பதற்கும் எடுக்கப்படுவதற்கும் இடையே, அந்த இரண்டு நிமிடம் நிற்கிறது.

ஆறாம் படி: ஸ்லைடில் முதல் பார்வை

ஹீமாடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்ட ஸ்லைடைக் குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் பாருங்கள். கதிர்வடிவ செல்கள் தெரிந்தால் மனம் உடனே சார்கோமா என்று சொல்லும். வயது வந்தவரில் அங்கே நின்று, சார்கோமாவைப் போல உருமாறிய சார்கோமட்டாய்டு யூரோதீலியல் புற்றுநோயை விலக்க வேண்டும், ஏனெனில் முதன்மைச் சார்கோமாவைவிட அதுவே அதிகம். விளிம்புகளில் சவ்வுக்குள் அடங்கிய புற்றுநோய்ப் பகுதி இருக்கிறதா, எங்கோ ஓர் ஓரத்திலாவது வழக்கமான யூரோதீலியல் கூடுகள் தெரிகின்றனவா என்று எல்லாத் துண்டுகளையும் பதித்துத் தேடுங்கள். முந்தைய பயாப்சி அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களில் ரேப்டோமயோசார்கோமா, ஆஸ்டியோசார்கோமா, காண்ட்ரோசார்கோமா ஆகிய பெயர்கள் மனத்தில் வரும்போதெல்லாம், அது தசையாகவோ எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ உருமாறிய யூரோதீலியல் புற்றுநோய்தான் என்று எடுத்துக்கொண்டு, அப்படி இல்லை என்பதை நிரூபிக்க முயல்வதே பாதுகாப்பான வழி.

அடுத்து, சார்கோமாவைப் போலத் தோன்றினாலும் அந்த அளவு கொடியதல்லாத அழற்சிசார் மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி. தளர்ந்த, சளி போன்ற பின்னணியில் நீண்ட வால்களுடன் நட்சத்திர வடிவச் செல்கள் சிதறியிருக்கும். இடையிடையே பிளாஸ்மா செல்களும் லிம்போசைட்டுகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் காணப்படும். செல் பிளவுகள் கணிசமாக இருக்கலாம், தசைக்குள்ளும் ஊடுருவலாம். இவ்விரண்டையும் வைத்துக் கொடியது என்று சொல்லிவிடக் கூடாது. பிறழ்ந்த வடிவச் செல் பிளவுகளும், தெளிவான உட்கரு மாறுபாடும், கட்டியும் தசையும் சந்திக்கும் எல்லையில் காணப்படும் அழுகலும்தான் சார்கோமாவை நோக்கித் தள்ளும் அடையாளங்கள். மேற்பரப்பில் புண்ணுக்கு அடியில் இருக்கும் அழுகலுக்கு அந்த எடை கிடையாது.

லியோமயோமாவையும் லியோமயோசார்கோமாவையும் பிரிப்பதும் இதே முறையில்தான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சீரான தசைக் கற்றைகள், மாறுபாடற்ற உட்கருக்கள், தெளிந்த எல்லை என்றால் முன்னது. உட்கரு மாறுபாடு, செல் பிளவு, அழுகல், தசைக்குள் ஊடுருவிய விளிம்பு என்றால் பின்னது. சிறு துண்டில் மட்டும் பார்த்து லியோமயோமா என்று முடிவெடுக்கும்போது எச்சரிக்கை தேவை.

கதிர்வடிவம் இல்லாமல், மெல்லிய இரத்தக் குழாய்களால் சூழப்பட்ட சிறு கூடுகளாக, இளஞ்சிவப்பு நிறச் செல்கள் தசைக் கற்றைகளுக்கு இடையே அமைந்திருந்தால் அது பாரகாங்கிலியோமா. இதைத் தசைக்குள் ஊடுருவிய யூரோதீலியல் புற்றுநோய் என்று படிப்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட பிழை. குழந்தையின் கட்டியில் சவ்வுக்கு நேர் கீழே செல்கள் நெருக்கமாக அடுக்கிய ஒரு பட்டை, அதற்குக் கீழே செல் குறைந்த தளர்ந்த பகுதி என்று தெரிந்தால் அது போட்ரியாய்டு வகைக்குரிய கேம்பியம் அடுக்கு.

ஏழாம் படி: இம்யூனோ சாயங்கள்

குறிப்பிட்ட ஒரு புரதம் செல்லில் இருக்கிறதா என்பதை இச்சாயங்கள் காட்டும்; அந்தப் புரதமே மார்க்கர். ஒரே ஒரு மார்க்கரை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது. தொகுப்பாகக் கேட்டு, தொகுப்பாகவே படிக்க வேண்டும். கதிர்வடிவக் கட்டிக்கு நான் முதல் சுற்றில் கேட்பவை: சவ்வுச் செல்களுக்குப் பொதுக் கெராட்டின், உயர் மூலக்கூறு எடைக் கெராட்டின், பி63, கேட்டா3; தசைக்கு எஸ்.எம்.ஏ., டெஸ்மின்; அழற்சிசார் மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டிக்கு ஏ.எல்.கே.; நரம்புறைக்கு எஸ்100. இரண்டாம் சுற்றில், முதல் சுற்றின் விடையைப் பொறுத்து, மற்றவை.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, அழற்சிசார் மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி சிறுநீர்ப்பையில் பொதுக் கெராட்டினுக்குப் பல முறை நேர்மறையாக வரும். கெராட்டின் இருக்கிறது, ஆகவே புற்றுநோய் என்று முடித்தால் தேவையற்ற பேரறுவை நடந்துவிடும். உயர் மூலக்கூறு எடைக் கெராட்டினும் பி63உம் எதிர்மறையாக இருக்க, ஏ.எல்.கே. நேர்மறையாக இருந்தால் தெளிவு பிறக்கும். ஆனால் இவ்வகைக் கட்டிகளில் ஒரு பகுதி ஏ.எல்.கே. எதிர்மறையாகவே இருக்கும் என்பதால், எதிர்மறை முடிவு அதை விலக்காது. இரண்டாவது பொறி கேட்டா3. யூரோதீலியத்தின் அடையாளம் என்று கற்றுக்கொண்ட அந்த மார்க்கர் பாரகாங்கிலியோமாவிலும் ஒளிரும். கெராட்டின் எதிர்மறையாகவும், குரோமோகிரானினும் சினாப்டோஃபைசினும் நேர்மறையாகவும், கூடுகளின் விளிம்பில் எஸ்100 செல்கள் மெல்லிய வேலியாகவும் தெரிந்தால் பாரகாங்கிலியோமா உறுதி. மூன்றாவது, ஆஞ்சியோசார்கோமாவின் எபிதீலியாய்டு வடிவம் கெராட்டினை ஏற்கும். கதிர்வீச்சு பெற்ற சிறுநீர்ப்பையில் இரத்தம் நிறைந்த கட்டி என்றால் இ.ஆர்.ஜி., சி.டி.31 இரண்டையும் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மயோஜெனினும் மயோ-டி1உம் உட்கருவில் ஒளிர்ந்தால் எலும்புத்தசை வகை. டெஸ்மினோடு எச்-கால்டெஸ்மானும் வலுவாக இருந்தால் மென்தசை வகை. மான்கொம்பு போல் கிளைத்த இரத்தக் குழாய்களுடன் சி.டி.34உம் உட்கருவில் ஸ்டாட்6உம் நேர்மறையானால் தனித்த நார்க்கட்டி. எச்.எம்.பி.45, மெலான்-ஏ ஆகியவற்றோடு மென்தசை மார்க்கரும் வந்தால் பீகோமா என்னும் இரத்தக் குழாயைச் சூழ்ந்த செல்களின் கட்டி. சி.டி.117, டாக்1 நேர்மறையானால் ஜிஸ்ட். அப்போது குடலைத் திரும்பிப் பாருங்கள். எஸ்100, சாக்ஸ்10 பரவலாக இருந்தால் நரம்புறை வகை. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர் போல எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் மென்தசைக் கட்டியில் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கான ஈபர் சோதனையை மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: மரபணுப் பரிசோதனை

ஏ.எல்.கே. சாயம் மங்கலாக இருந்தால், மரபணுவை ஒளிரும் குறிகளால் காட்டும் ஃபிஷ் முறையில் மரபணு மறுசீரமைப்பைப் பார்க்கலாம், ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் இணைந்த மரபணு எது என்பதையும் சொல்லும். பரவிய நோயில் ஏ.எல்.கே.யைத் தடுக்கும் கிரிசோட்டினிப் போன்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தத் தகவல் நேரடியாகப் பயன்படுகிறது. குழந்தையின் ரேப்டோமயோசார்கோமாவில் ஃபாக்ஸ்ஓ1 இணைவு இருந்தால் நோயின் போக்கு கடுமையானது, சிகிச்சைத் தீவிரமும் அதற்கேற்ப மாறும். டெர்ட் மரபணுவின் தூண்டுபகுதி மாற்றம் யூரோதீலியல் புற்றுநோயில் பெரும்பான்மையாகக் காணப்படுவதால், கதிர்வடிவக் கட்டியில் அது கிடைத்தால் சார்கோமட்டாய்டு புற்றுநோயின் பக்கம் எடை கூடும். தனித்த நார்க்கட்டி போன்ற வேறு சிலவற்றிலும் அது வரலாம் என்பதால் தனித்து நிற்கும் சான்றாக அதைக் கொள்ளக் கூடாது.

ஒன்பதாம் படி: அறிக்கையும் அதன் பிறகும்

சார்கோமா என்றால் எஃப்.என்.சி.எல்.சி.சி. எனப்படும் பிரெஞ்சுத் தர மதிப்பீட்டு முறையில் செல்லின் முதிர்ச்சி, செல் பிளவு, அழுகல் ஆகிய மூன்றையும் மதிப்பிட்டு மூன்று தரங்களில் ஒன்றை எழுத வேண்டும். சுரண்டி எடுத்த துண்டுகளில் கணக்கிட்ட தரம் உண்மையானதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதையும் எழுதுவது நேர்மை. தசை இருந்ததா, அதில் கட்டி எப்படி நுழைந்திருந்தது, விளிம்பு எப்படி என்பவை அறிக்கையில் தெளிவாக இருக்கட்டும்.

சில நேரங்களில் முழுப் பெயர் சொல்ல முடியாது. 'தீங்கற்றதை ஒத்த மயோஃபைப்ரோபிளாஸ்டிக் வளர்ச்சி, வீரிய அடையாளங்கள் இல்லை, முழுமையாக அகற்றி நெருங்கிக் கண்காணிக்கப் பரிந்துரைக்கிறேன்' என்ற விளக்க அறிக்கை, துணிந்து எழுதிய தவறான பெயரைவிட நோயாளிக்கு எவ்வளவோ மேல். இக்கட்டிகளை அன்றாடம் பார்க்கும் மென்திசு நோயியல் நிபுணரிடம் ஸ்லைடுகளையும் பாரஃபினில் பதித்த திசுத் துண்டுகளையும் அனுப்பி இரண்டாம் கருத்துப் பெறுவது, சிறுநீர்ப்பையை அகற்றும் முடிவுக்கு முன் கட்டாயமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இரண்டாம் கருத்தைக் கேட்க நோயாளிக்கும் முழு உரிமை உண்டு. ஸ்லைடுகளை எடுத்துச் செல்லும்போது ஸ்கேன் படங்களையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும்.

பாரகாங்கிலியோமா உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை என்றாலும், மரபியல் ஆலோசனையும் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன. கட்டியில் எஸ்.டி.ஹெச்.பி. என்னும் புரதத்தின் சாயம் மறைந்திருந்தால், அது சார்ந்த எஸ்.டி.ஹெச். மரபணுத் தொகுதியில் பிறவிக் குறைபாடு இருக்க வாய்ப்புண்டு, எஸ்.டி.ஹெச்.பி. மாற்றம் உள்ளவர்களில் நோய் பரவும் அபாயம் அதிகம், பல ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். ஆகவே இவர்களுக்கு மெட்டாநெஃப்ரின் அளவும் படப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும், மாற்றம் உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும்.